அத்தியாயம் 6: நிரல் ஏற்றத்திலும் வைஃபை இணைப்பிலும் நேரும் தடைகள்

ஷாங்காயில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் இஎஸ்பி 8266 சில்லையும் 2016இல் இஎஸ்பி 32 சில்லையும் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, வைஃபை வசதியுள்ள மைக்ரோகன்ட்ரோலர் போர்டு பள்ளி மாணவரும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகியவற்றை ஒரே சில்லில் அடக்கி, குறிப்பிட்ட ஒரு வேலையை ஓயாமல் செய்வதற்கென அமைந்த சிறு கணினியே மைக்ரோகன்ட்ரோலர் எனப்படுகிறது. மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அதற்குரிய நிரலை எழுதிப் பதிப்பதை ஆர்வலர்கள் ஃபிளாஷ் செய்தல் என்பர். இவ்வத்தியாயம் இஎஸ்பி 32 டெவ்கிட் வகைப் போர்டை எடுத்துக்கொண்டு, நிரல் ஏற மறுப்பதற்கும் வைஃபை இணைய மறுப்பதற்கும் உரிய காரணங்களை அவை நிகழும் வரிசையிலேயே ஆராய்கிறது.

அந்த வரிசை முக்கியமானது. தரவு போகாத கேபிளை வைத்துக்கொண்டு நிரலில் பிழை தேடுவதும், போதிய மின்சாரம் கிடைக்காத போர்டில் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றுவதும் வீண் வேலை. கேபிள், டிரைவர், நிரல் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிப் பார்ப்பவருக்குப் போர்டு இயங்கத் தொடங்கினாலும் கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அதே கோளாறு மறுமுறை வரும்போது அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, போர்டு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் போர்டில் சிவப்பு விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்கு இரண்டு கம்பிகளும் கேபிளுக்குள் ஓட வேண்டும். சார்ஜ் செய்வதற்கென விற்கப்படும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் பின்னவை இருப்பதே இல்லை. அதே கேபிளில் ஒரு கைப்பேசியை இணைத்து அதிலுள்ள கோப்புகள் கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். கேபிள் சரியாக இருந்தும் கணினி போர்டைக் காணவில்லை என்றால், யுஎஸ்பி தரவைச் சில்லுக்குப் புரியும் தொடர்வரிசைத் தரவாக மாற்றித் தரும் இடைச் சில்லின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். டெவ்கிட் போர்டுகளில் இது பெரும்பாலும் சிபி 2102 அல்லது சிஎச் 340 ஆக இருக்கும். யுஎஸ்பி துளைக்கு அருகிலுள்ள சிறு கறுப்புச் சதுரத்தையோ செவ்வகத்தையோ உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் பெயர் தெரியும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் எந்த வரி தோன்றி மறைகிறது என்று கவனிக்க வேண்டும். மஞ்சள் வியப்புக்குறியுடன் தோன்றினால் அச்சில்லுக்குரிய டிரைவரை நிறுவ வேண்டும். காம் 5 போன்ற போர்ட் எண்ணுடன் தோன்றினால் அந்த எண்ணையே நிரல் ஏற்றும் மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லினக்ஸில் டிரைவர் கெர்னலுடனேயே வந்துவிடுகிறது. உபுண்டு போன்ற வெளியீடுகளில் போர்ட்டைத் திறக்கும் உரிமை டயல்அவுட் என்ற குழுவினருக்கே உண்டு என்பதால், பயனரை அக்குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உபுண்டு 22.04 வெளியீட்டில் சிஎச் 340 உள்ள போர்டு ஒரு கணம் தோன்றி உடனே மறைவதாகப் பலர் கண்டனர். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், அதே அடையாள எண்ணைக் கொண்ட பிரெயில் கருவி வந்துவிட்டதாகக் கருதிப் போர்ட்டைத் தன்வசப்படுத்திக்கொள்வதே அதற்குக் காரணம். அக்கணினியில் பிரெயில் கருவி பயன்படுத்துவோர் எவரும் இல்லையெனில் அம்மென்பொருளை நீக்கிவிடலாம். இருந்தால் மென்பொருளைத் தொடாமல், அந்த அடையாள எண்ணுக்குரிய விதியை மட்டும் முடக்குவதே முறை.

போர்ட் தெரிந்தும் நிரல் ஏறாத நிலைதான் புதியவர்களை மிகவும் அலைக்கழிக்கிறது. கனெக்டிங் என்ற சொல்லை அடுத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நீண்டுகொண்டே போய், இறுதியில் இணைக்க முடியவில்லை என்ற செய்தியோடு முயற்சி நின்றுவிடும். இதைப் புரிந்துகொள்ளச் சில்லு விழித்தெழும் விதத்தை அறிய வேண்டும். இஎஸ்பி 32 சில்லின் ரோம் நினைவகத்தில், தயாரிப்பின்போதே பதிக்கப்பட்டு எவராலும் மாற்ற முடியாத ஒரு சிறு நிரல் உண்டு; ஒவ்வொரு ரீசெட்டின்போதும் முதலில் ஓடுவது அதுவே. ரீசெட் விடுபடும் கணத்தில் சில முனைகளில் இருந்த மின்னழுத்தத்தைக் கொண்டு அது தன் வழியைத் தீர்மானிக்கிறது. ஜிபிஐஓ 0 என்ற முனை உயர் நிலையில், அதாவது 3.3 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால், ஃபிளாஷில் உள்ள நிரலை எடுத்து ஓட்டுகிறது. தாழ் நிலையில், அதாவது 0 வோல்ட்டுக்கு அருகில் இருந்து, ஜிபிஐஓ 2 முனையும் தாழ்ந்திருந்தால், புதிய நிரலைப் பெறுவதற்காகக் காத்திருக்கும் டவுன்லோடு நிலைக்குச் செல்கிறது. ரீசெட் முடிந்த பிறகு ஜிபிஐஓ 0 முனையை எத்தனை முறை தாழ்த்தினாலும் அம்முடிவு மாறாது.

டெவ்கிட் போர்டில் இந்த வேலையைக் கணினியே செய்துவிடும்படி ஒரு மின்சுற்று அமைந்துள்ளது. இடைச் சில்லிலிருந்து வரும் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரு கட்டுப்பாட்டுக் கம்பிகள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வழியாக முறையே ஜிபிஐஓ 0 முனையையும், ரீசெட்டுக்கு உரிய இஎன் முனையையும் தாழ்த்துகின்றன. இவ்விரண்டும் சரியான வரிசையில், மிகச் சிறிய நேர இடைவெளியில் நிகழ வேண்டும். இஎன் முனையில் இருக்க வேண்டிய மின்தேக்கி இல்லாத, அல்லது மிகச் சிறிதாக உள்ள போர்டுகளில், ஜிபிஐஓ 0 தாழ்வதற்கு முன்பே சில்லு விழித்துவிடுகிறது. அது பழைய நிரலை ஓட்டத் தொடங்க, கணினி வராத பதிலுக்காகக் காத்திருக்கிறது. ஒரே போர்டு ஒரு கணினியில் எளிதாக நிரல் ஏற்றுக்கொண்டு மற்றொன்றில் மறுப்பதற்கும் இந்த நேர வேறுபாடே பெரும்பாலும் காரணமாகிறது.

தற்காலிகத் தீர்வு கைகளாலேயே செய்யக்கூடியது. பூட் என்று எழுதப்பட்ட பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இஎன் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு, அதன் பிறகு பூட் பொத்தானை விட்டால் சில்லு டவுன்லோடு நிலைக்குச் சென்று காத்திருக்கும். நிரல் ஏறி முடிந்ததும் இஎன் பொத்தானை மீண்டும் ஒருமுறை தட்ட வேண்டும். நிலையான தீர்வு, இஎன் முனைக்கும் கிரவுண்ட் முனைக்கும் இடையே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையுள்ள ஒரு மின்தேக்கியை இணைப்பது. மின்தேக்கி எலக்ட்ரோலிடிக் வகையாக இருந்தால், பட்டைக்கோடு உள்ள கால் கிரவுண்டைச் சேர வேண்டும். சில ரூபாய் விலையுள்ள இந்த ஒரு பாகம், பொத்தானை அழுத்திப் பிடிக்கும் தொல்லையை அடியோடு நீக்கிவிடுவதுண்டு.

எந்தக் கோளாறானாலும் ஊகிப்பதற்கு முன் வாசிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரோம் நிரல் தன் முடிவை ஒவ்வொரு முறையும் ஒரு வரியாக எழுதி அனுப்புகிறது. சீரியல் மானிட்டரை 115200 பாட் வேகத்தில் திறந்துவைத்து இஎன் பொத்தானைத் தட்டினால் அவ்வரி தோன்றும். (இஎஸ்பி 8266 சில்லில் பொதுவாக இவ்வேகம் 74880 ஆகும், அங்கே 115200 வைத்துப் பார்ப்பவருக்குக் குப்பை எழுத்துகளே தெரியும் என்பதால், சில்லு பழுதாகிவிட்டதாக அவர் எண்ணிவிடக் கூடாது.) வரியில் பூட் என்ற சொல்லை அடுத்துப் பதினாறடிமான எண்முறையில் 13 என்று இருந்தால் சில்லு ஃபிளாஷிலிருந்து ஓடுகிறது, 3 என்று இருந்தால் டவுன்லோடு நிலையில் காத்திருக்கிறது. அந்த எண், விழிக்கும் கணத்தில் உயர்ந்திருந்த முனைகளின் கூட்டுத்தொகை: ஜிபிஐஓ 5க்கு 1, ஜிபிஐஓ 15க்கு 2, ஜிபிஐஓ 4க்கு 4, ஜிபிஐஓ 2க்கு 8, ஜிபிஐஓ 0க்கு 10, ஜிபிஐஓ 12க்கு 20. ஆகவே 13 என்பது 10, 2, 1 ஆகியவற்றின் கூட்டு. பூட் பொத்தான் ஜிபிஐஓ 0 முனையைத் தாழ்த்தியதும் அதில் 10 கழிந்து 3 மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்கு வரியில் 33 என்ற எண்ணைக் கண்டவுடனே கோளாறு பிடிபடும். 13உடன் சேர்ந்திருக்கும் 20, ஜிபிஐஓ 12 முனை உயர்ந்திருப்பதைக் காட்டுகிறது. விழிக்கும் கணத்தில் அம்முனை உயர்ந்திருந்தால் ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதிலாக 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று சில்லு புரிந்துகொள்கிறது, 3.3 வோல்ட் ஃபிளாஷ் அம்மின்னழுத்தத்தில் ஒழுங்காக இயங்காமல், வாசிப்புப் பிழை என்ற செய்தி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்டி கார்டு தொகுதியின் தரவுக் கம்பியை ஜிபிஐஓ 12இல் இணைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது; கம்பியைப் பிடுங்கியதும் போர்டு உயிர்பெறுவதைக் கண்டு அவர்கள் கார்டைக் குறைசொல்வர். கார்டில் குறையில்லை, முனையின் தேர்வே தவறு. இதே காரணத்தால், நிரல் ஏறாத போர்டில் முதலில் செய்ய வேண்டியது, இணைத்திருக்கும் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு வெறும் போர்டில் முயல்வதுதான். ஜிபிஐஓ 1, 3 ஆகிய முனைகளில் ஜிபிஎஸ் போன்ற கருவியை இணைத்திருந்தால் நிரல் வரும் பாதையே அடைபடும்; ஜிபிஐஓ 6 முதல் 11 வரையுள்ளவை உட்புற ஃபிளாஷுக்கே உரியவை என்பதால் அவற்றை எதற்கும் பயன்படுத்தலாகாது.

நிரல் பாதியில் அறுந்துபோனால் ஏற்றும் வேகத்தை 921600 பாட்டிலிருந்து 115200க்குக் குறைக்க வேண்டும். முழுவதும் ஏறியும் ஓடாமல், எஃப் என்ற எழுத்து எட்டு முறை வரும் தலைப்புப் பிழை தோன்றினால், சில்லு தேடும் இடத்தில் ஃபிளாஷ் வெறுமையாக உள்ளது என்று பொருள். தனித்தனிக் கோப்புகளை இஎஸ்பிடூல் என்ற கட்டளைக் கருவியால் ஏற்றுவோர், இஎஸ்பி 32இல் பூட்லோடர் பதினாறடிமான 1000 என்ற முகவரியிலும், எஸ்3, சி3 வகைகளில் 0 என்ற முகவரியிலும் எழுதப்பட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு வகைக்கான வழிமுறையை மற்றொரு வகைக்கு அப்படியே பின்பற்றுவதால்தான் இப்பிழை பெரும்பாலும் நேர்கிறது.

நிரல் ஏறி, விளக்கும் மின்னி, வைஃபையைத் தொடங்கும் வரியை எட்டியதும் போர்டு மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனால் அது வைஃபை பிழையன்று, மின்சாரப் பிழை. வானொலி அலையை அனுப்பும் கணத்தில் இஎஸ்பி 32 சில்லு 240 மில்லியாம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கக்கூடும் என்றும், மின்வழங்கி 500 மில்லியாம்பியராவது தரவல்லதாக இருக்க வேண்டும் என்றும் தயாரிப்பாளரின் ஆவணங்கள் கூறுகின்றன. நீண்டு மெலிந்த யுஎஸ்பி கேபிளில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிகிறது. 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் ஏஎம்எஸ் 1117 போன்ற சீராக்கிக்கு, வெளியீட்டைவிட உள்ளீடு ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், உள்ளீடு 4.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வெளியீடும் கூடவே சரியத் தொடங்கும். மின்னழுத்தத் தாழ்வைக் கண்டறியும் சில்லின் உட்பகுதி, பிரௌன்அவுட் என்ற செய்தியை எழுதிவிட்டு ரீசெட் செய்துவிடுகிறது.

அந்தச் செய்தியை ஒழிக்க, கண்டறியும் பகுதியையே அணைத்துவிடும் ஒரு வரியை நிரலில் சேர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. இது ஏற்கத்தக்கதன்று. மின்னழுத்தம் அப்போதும் சரிந்துகொண்டேதான் இருக்கும். எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும். அந்நேரத்தில் ஃபிளாஷில் எழுதப்படும் தரவு சிதையவும் கூடும். குட்டையான தடித்த கேபிளுக்கு மாறுவது, யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்துக் கணினியின் துளையிலேயே நேராகச் செருகுவது, 3.3 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 முதல் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைப்பது ஆகியவையே உண்மையான தீர்வுகள். மோட்டாரையோ ரிலேயையோ போர்டின் மின்சாரத்திலேயே ஓட்டுவோர் அவற்றுக்குத் தனி மின்வழங்கி தந்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக்க வேண்டும்.

மின்சாரம் உறுதியான பிறகு, வைஃபையில் இணைய முயல்வதற்கு முன், சுற்றிலும் உள்ள இணைப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் ஸ்கேன் மாதிரி நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத பெயருடன் எந்தக் கடவுச்சொல்லாலும் இணைய முடியாது. இஎஸ்பி 32 சில்லின் வானொலி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மட்டும் உரியது. 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் ரௌட்டரோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டோ அதன் பார்வைக்கே வராது. ஐஃபோனில் பொருந்துதன்மையைக் கூட்டும் தெரிவை இயக்குவதன் மூலமும், ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அலைவரிசையை 2.4க்கு மாற்றுவதன் மூலமும் இதைச் சரிசெய்யலாம். ரௌட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இயங்கினாலும் பெயர் சில வேளை தெரியாமற்போகும் என்பதால் 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றை நிலையாக வைப்பது நல்லது.

பெயரைத் தமிழில் வைத்திருப்போர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வைஃபை பெயருக்குரிய உச்ச அளவு 32 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, யூனிகோடின் யுடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனிக் குறியீடுகளே. ‘எங்கள் வீடு’ என்ற பெயர் 10 குறியீடுகளும் ஓர் இடைவெளியுமாக 31 பைட்டில் அடங்கிவிடும். ‘எங்கள் இல்லம்’ 37 பைட் ஆகிவிடுவதால் அடங்காது. மேலும், ஒகர ஓகாரக் குறிகளை ஒற்றைக் குறியீடாகவும் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுத இயலும் என்பதால், திரையில் ஒன்றுபோலவே தோன்றும் இரு பெயர்கள் சில்லுக்கு வெவ்வேறாக இருக்கக்கூடும். ஸ்கேன் பட்டியலில் தோன்றும் பெயரை அப்படியே நகலெடுத்து நிரலில் ஒட்டுவதே பிழையற்ற வழி. கடவுச்சொல்லை ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் 8 முதல் 63 எழுத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால், இணைப்பு அறுந்ததற்குச் சில்லு தரும் காரண எண்ணைச் சீரியல் மானிட்டரில் அச்சிட வேண்டும். 201 என்றால் அப்பெயருள்ள ரௌட்டர் கிடைக்கவில்லை. 15 என்றால் சாவிகளைச் சரிபார்க்கும் நான்கு கட்டப் பரிமாற்றம் நேரத்துக்குள் முடியவில்லை. பெரும்பாலும் கடவுச்சொல் தவறு. 200 என்றால் இணைந்திருந்த ரௌட்டரின் அலை கேட்காமற்போயிற்று. புதிய ரௌட்டர் டபிள்யூபிஏ 3 என்ற பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்கும்படி இருந்தால், பழைய மென்பொருள் தொகுப்பால் எழுதிய நிரல் தோற்கும். தொகுப்பைப் புதுப்பிப்பதோ, ரௌட்டரை டபிள்யூபிஏ 2, 3 கலந்த முறைக்கு மாற்றுவதோ தீர்வாகும். கல்லூரி விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் உள்ளதுபோல் உலாவியில் பெயரும் எண்ணும் கேட்கும் இணைப்புகளில் போர்டு இணைந்ததாகக் காட்டினாலும் இணையம் கிடைக்காது. அங்கே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே எளிய வழி. ஐபி முகவரி நான்கு இடங்களிலும் 0 என்று நின்றால், ரௌட்டர் முகவரி வழங்கவில்லை என்று கொண்டு, ரௌட்டரின் மேக் எண் வடிகட்டியையும் முகவரி வரம்பையும் சோதிக்க வேண்டும்.

அலையின் வலிமை டெசிபல் மில்லிவாட் என்ற அலகில் எதிர்ம எண்ணாகக் கிடைக்கிறது. கழித்தல் 67 வரை நல்ல இணைப்பு. கழித்தல் 80ஐத் தாண்டினால் அடிக்கடி அறும். போர்டின் ஒரு முனையில் வளைந்து நெளிந்து தெரியும் செப்புக்கோடுதான் ஆன்டெனா. அதை உலோகப் பெட்டிக்குள் அடைப்பதும், அதன்மேல் கம்பிகளைச் சுற்றுவதும் அலையைக் கெடுக்கும்.

வைஃபை இணைந்ததும் சென்சார் அளவீடு மட்டும் பொய்யாவது தனி வகைக் கோளாறு. மண் ஈரப்பதச் சென்சார் தனியே சரியாக அளந்துவிட்டு, வைஃபை இயங்கியதும் பொருளற்ற எண்களைத் தருமாயின், அது ஜிபிஐஓ 25, 26, 27 போன்ற இரண்டாம் அனலாக் மாற்றியின் முனையில் இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அம்மாற்றியை வைஃபை பயன்படுத்திக்கொள்வதால் நிரலுக்கு அது கிடைப்பதில்லை. சென்சாரை ஜிபிஐஓ 32 முதல் 39 வரையுள்ள முனைகளுக்கு மாற்றினால் கோளாறு தீரும். நிரலில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு போர்டு பழுதா என்று தீர்மானிக்கத் திட்டமான சோதனை உண்டு. 3.3 வோல்ட் முனையை மல்டிமீட்டரால் அளந்து, மின்னழுத்தம் சரியாக இருப்பதை உறுதிசெய்த பின், இஎன் முனையைக் கிரவுண்டுடன் இணைத்துச் சில்லை ரீசெட்டில் நிறுத்தி, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் முனைகளை ஒரு கம்பியால் ஒன்றுசேர்த்து, சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டச்சு செய்ய வேண்டும். தட்டியது திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், இடைச் சில்லு மூன்றும் நலம். அந்தக் கம்பிகளை நீக்கி இஎன் பொத்தானைத் தட்டியும் ரோம் நிரலின் வரி ஒருமுறையேனும் வராவிட்டால், சில்லு போய்விட்டது என்று கொள்ளலாம். இஎஸ்பிடூல் கருவியால் மேக் எண்ணைப் படிக்க முடிகிற எந்தப் போர்டும் இறந்ததன்று; அதைத் தூக்கியெறியாமல் மின்வழங்கியையும் முனை இணைப்புகளையும் மறுபடி சோதிக்க வேண்டும்.